குற்றங்கள் மலிந்த தென்னாப்பிரிக்கா மரண தண்டனையை ஏன் ஒழித்தது? மக்கள் அதை விரும்பினார்களா?

மக்கள் விரும்பி ஒழித்ததல்ல. பெரும்பான்மையினர் தூக்குத் தண்டனையையே ஆதரிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான், அதை ரத்து செய்த நீதிபதியே தீர்ப்பை எழுதினார். கொலையும் கொள்ளையும் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியிருந்தும் ஒழித்தார்கள் என்றால், அரசின் கையில் தூக்குக்கயிறு என்னவாகும் என்பதை அந்த நாடு கண்ணால் பார்த்திருந்தது என்பதே முதல் காரணம்.

பிரிட்டோரியா மத்தியச் சிறையில் ஒரே நேரத்தில் ஏழு பேரைத் தூக்கிலிடும்படி மேடை அமைத்திருந்தார்கள். 1980-களின் சில ஆண்டுகளில், ஒரே ஆண்டில் நூறு பேருக்கு மேல் அங்கே உயிரிழந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர்கள். தண்டனை விதித்த நீதிபதிகள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். நிறவெறி அரசை எதிர்த்துப் போராடிய 22 வயது சாலமன் மஹ்லாங்குவை, ஒரு கொலை வழக்கில் 1979 ஏப்ரல் 6 அன்று தூக்கிலிட்டார்கள். துப்பாக்கியால் சுட்டவர் அவரல்லர், அவருடன் வந்தவர். இருவருக்கும் நோக்கம் ஒன்றே என்று சொல்லி அவர் உயிரை எடுத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது.

1990 பிப்ரவரி 2 அன்று, மண்டேலாவின் கட்சியான ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் மீதான தடையை நீக்கிய அதே உரையில், தூக்கிலிடுவதை நிறுத்திவைப்பதாகவும் அதிபர் டி கிளெர்க் அறிவித்தார். ஆனால் தண்டனை சட்டத்தில் அப்படியே இருந்தது. புதிய அரசியலமைப்புக்காகப் பேச்சு நடத்தியவர்களால் இந்த விஷயத்தில் உடன்பாட்டுக்கு வர முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் வாழும் உரிமை உண்டு என்று எழுதிவைத்து, மற்றதை அரசியலமைப்பு நீதிமன்றத்திடம் விட்டுவிட்டார்கள்.

அந்த நீதிமன்றத்தை 1995 பிப்ரவரி 14 அன்று நெல்சன் மண்டேலா தொடங்கிவைத்தார். இதற்கு முன் தாம் நீதிமன்றத்தில் நின்றது தமக்கு மரண தண்டனையா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று அன்று அவர் நினைவுகூர்ந்தார். மறுநாளே விசாரணைக்கு வந்த முதல் வழக்கு மரண தண்டனை பற்றியது. தலைமை வகித்த ஆர்தர் சாஸ்கல்சன், மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட ரிவோனியா வழக்கில் அவர் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர். அதே அணியில் இருந்த ஜார்ஜ் பிஸோஸ் இப்போது அரசுக்காக வாதாடினார். தண்டனை அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசே ஒப்புக்கொண்டது. ஜொகன்னஸ்பர்க் அடங்கிய விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியின் அட்டர்னி ஜெனரல், அதாவது அங்கே குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை அதிகாரிதான் அது வேண்டும் என்று வாதிட்டார்.

மனுதாரர்களான மக்வான்யானேவும் ம்சுனுவும் அப்பாவிகள் அல்லர். வங்கி வாகனக் கொள்ளையில் நான்கு பேரைக் கொன்றதாகத் தீர்ப்பு பெற்றவர்கள். நான் இந்தத் தீர்ப்பை மதிப்பதற்கு இதுவே பெரிய காரணம். நிரபராதி ஒருவரைக் காட்டி மனத்தை இளக வைப்பது எளிது. இங்கே அந்த வசதி இல்லை. கொடிய குற்றம் செய்தவனுக்கும் மனித மாண்பு உண்டா என்ற கேள்விக்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1995 ஜூன் 6 அன்று பதினொரு நீதிபதிகளும் உண்டு என்றார்கள், ஒவ்வொருவரும் தனித்தனியே கருத்து எழுதி.

யார் சாவார், யார் பிழைப்பார் என்பதில் வறுமையும் இனமும் தற்செயலும் பங்கு வகிக்கின்றன என்று சாஸ்கல்சன் எழுதியிருக்கிறார். கீழமை நீதிமன்றங்களில் வழக்காடுபவன் என்ற முறையில் எனக்கு அது புதிய செய்தி அல்ல. நல்ல வக்கீலை அமர்த்தப் பணமில்லாதவர் கூண்டில் எப்படி நிற்பார் என்பதை அன்றாடம் பார்க்கிறேன். மக்கள் கருத்தைப் பற்றியும் அவர் தயங்காமல் சொன்னார்: பெரும்பான்மை விருப்பமே முடிவு என்றால் நீதிமன்றம் எதற்கு? சமூகம் ஒதுக்கித் தள்ளியவர்களைக் காப்பதும் அதன் கடமை.

நம் உச்ச நீதிமன்றம் 1980-ல் பச்சன் சிங் வழக்கில் மரண தண்டனை செல்லும் என்று தீர்ப்பளித்ததையும் அவர்கள் படித்து விவாதித்தார்கள். இந்திய அரசியலமைப்பு சட்டப்படியான நடைமுறையின் மூலம் உயிரைப் பறிக்க இடம் தருகிறது, தங்களுடையதில் அப்படி இல்லை என்று விலகிக்கொண்டார்கள்.

தூக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் அங்கே இன்றும் கேட்கிறது. அவர்களின் பயமும் கோபமும் நியாயமானவை. ஆனால் குற்றவாளியைத் தடுப்பது பிடிபடுவோம், தண்டிக்கப்படுவோம் என்ற நிச்சயம்தான் என்று 1995-லேயே அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நிச்சயத்தைத் தரவேண்டிய போலீஸும் புலனாய்வும் இன்னும் தடுமாறுகின்றன. கோபம் அங்கே திரும்ப வேண்டும் என்பது என் கருத்து.