ஜன்னல், கூரை, ஏசி: எதை மாற்றினால் மின்சாரம் அதிகம் மிச்சமாகும் என்று கணக்கிட எந்த மென்பொருள் நல்லது?

மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால் கடைசி 12 மாத மின்கட்டண பில்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் செலவான யூனிட்டையும் அந்த மாதத்தின் சராசரி வெளி வெப்பநிலையையும் எக்செல்லில் போட்டு ஒரு வரைபடம் வரையுங்கள். குளிரூட்டும் கட்டடம் என்றால் புள்ளிகள் பெரும்பாலும் ஒரு வெப்பநிலை வரை மட்டமாகப் போய், அதன்பின் சரிவாக மேலே ஏறும். மட்டமான பகுதி விளக்கு, கணினி, லிஃப்ட் போன்றவை. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏறும் பகுதிதான் ஏசி. அந்தச் சரிவு லேசாக இருந்தால், கூரைக்கு எவ்வளவு இன்சுலேஷன் போட்டாலும் பெரிதாக மிச்சம் வராது. அரை நாள் வேலை, நிறைய வீண்செலவைத் தடுக்கும்.

அடுத்துதான் மாடல், அதாவது கட்டடத்தைக் கணினியில் அமைத்து அதன் மின்செலவைக் கணிப்பது. நான் பயன்படுத்துவது எனர்ஜிபிளஸ். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் 2001-இல் வந்தது, இலவசம். ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் ஒவ்வொரு அறையின் வெப்ப வரவு செலவைக் கணக்கிடும். நேரடியாக எழுதுவது சிரமம் என்பதால் எனர்ஜிபிளஸை எளிதாக இயக்க உதவும் ஓப்பன்ஸ்டுடியோ என்ற மென்பொருள் வழியாகப் போகலாம். முதல்கட்ட லாப நட்டம் மட்டும் போதும் என்றால் கனடா அரசின் ரெட்ஸ்கிரீன் சுலபம்.

இவ்வளவு விரிவாக ஏன் கணக்கிட வேண்டும்? ஒரு நடவடிக்கை இன்னொன்றைத் தொடுகிறது. கூரை இன்சுலேஷனால் குளிரூட்டும் தேவை 20% குறைகிறது, புது ஏசி அதே வேலையை 30% குறைந்த மின்சாரத்தில் செய்கிறது என்று வையுங்கள். இரண்டையும் சேர்த்தால் மிச்சம் 50% அல்ல, 44%தான். 0.8-ஐ 0.7-ஆல் பெருக்கிப் பாருங்கள். விளக்கிலும் இப்படித்தான். ஏசி அறைக்குள் 3 கிலோவாட் விளக்குச் சுமையைக் குறைத்தால், ஏசியின் சிஓபி 3 என்றால் (ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் என்று பொருள்), ஏசியிலும் சுமார் 1 கிலோவாட் குறையும். ஆனால் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் கட்டடத்தில் அந்த வெப்பத்தை ஹீட்டர்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஒருமுறை நான் போட்ட மாடல் பில்லைவிட நன்றாகக் குறைத்துக் காட்டியது. சுவர், கண்ணாடி, காற்றுக் கசிவு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. கடைசியில் இரவு பத்து மணிக்கு நேரில் போனேன். காலி மாடியில் காற்று விநியோக விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. டைமர் பெட்டியில் சுவிட்ச் 'மேனுவல்' பக்கம் திரும்பிக் கிடந்தது. நானோ காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை என்று மாடலில் எழுதி வைத்திருந்தேன். செலவே இல்லாத அந்தத் திருத்தம்தான் பரிந்துரைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதனால் சொல்கிறேன், கட்டடத்துக்குள் ஓர் இரவாவது நடந்து பாருங்கள்.

மாடல் நம்பத்தக்கதா என்று பார்க்க ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டி 14 ஓர் அளவு தருகிறது: மாதவாரிக் கணக்கில் மொத்தப் பிசகு கூட்டியோ குறைத்தோ 5 சதவீதத்துக்குள், மாதந்தோறும் வரும் விலகலின் அளவு 15 சதவீதத்துக்குள். ஆனால் இதில் தேறிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். விளக்கைக் கூட்டியும் கசிவைக் குறைத்தும் எழுதியிருந்தால் இரண்டு தவறும் ஒன்றையொன்று மறைத்து, மொத்தம் சரியாக வந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை பதியும் மீட்டர் தரவு கிடைத்தால் கட்டாயம் வாங்குங்கள். இப்படிப்பட்ட தவறு அதில் பெரும்பாலும் பிடிபடும்.

அப்புறம், வேலை முடிந்தபின் மிச்சத்தை அளக்கும்போது போன ஆண்டு பில்லிலிருந்து இந்த ஆண்டு பில்லை நேரடியாகக் கழிக்காதீர்கள். முதலில் வரைந்தீர்களே, அந்தக் கோட்டில் இந்த ஆண்டின் வெப்பநிலையைப் போட்டு, பழைய கட்டடமாகவே இருந்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பாருங்கள். அதற்கும் இப்போதைய பில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மிச்சம்.