போதகர்கள் ஆராதனையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? சமூக விஷயங்களில் எதற்குத் தலையிடுகிறார்கள்?

கடலூர்ப் பக்கம் முப்பது வருஷத்துக்கும் மேல் லுத்தரன் சபையில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்டவர் கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டிருக்கிறார். "ஜெபம் பண்ணுங்கள், ஞானஸ்நானம் கொடுங்கள், கல்யாணம் நடத்துங்கள். ரேஷன் கார்டும் பட்டாவும் உங்களுக்கு எதற்கு?" என் மனைவி இதே கேள்வியை ரொம்ப வருஷமாகக் கேட்டு வருவதால் எனக்குப் பழகிவிட்டது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள் என்பதால் கோயிலில் கூட்டம் குறைவு. அன்றைக்கு என்ன பிரசங்கம் தயாரித்திருந்தேன் என்பது இன்றுவரை ஞாபகத்துக்கு வரவில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து ஈரத் துணியோடு ஜனங்கள் ஓடி வந்தார்கள். "கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு" என்றார் ஒருவர். எங்களுக்குப் புரியவே இல்லை. கடல் எப்படி வரும்?

பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டோம். முந்தின நாள் கிறிஸ்மஸ் பிரியாணி வைத்த அண்டாவையே கழுவிக் கஞ்சி காய்ச்சினோம். ஒரு பாட்டி தட்டை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். "ஃபாதர், இதக் குடிச்சா மதம் மாறணுமா?" (வெள்ளை அங்கி போட்டவர் எல்லாரும் ஊராருக்கு ஃபாதர்தான். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, வேறு சபை என்று விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன்.) "உப்பு சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்கம்மா" என்றேன். கம்மி என்றார்.

அதுவரை எல்லாம் சுலபம். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து லாரி லாரியாகப் பொருள் வந்தது. பழைய துணிகளும் வந்தன, வாங்க ஆளில்லாமல் ரோட்டோரத்தில் குவிந்து மழையில் நனைந்தன. முந்தின நாள் வரை உழைத்துச் சாப்பிட்டவனிடம் யாரோ போட்டுக் கழித்த சட்டையை நீட்டினால் வாங்குவானா?

சிக்கல் நிவாரணப் பட்டியலில்தான் ஆரம்பித்தது. ஒரு குப்பத்தில் தலைக்கட்டுக் கணக்குப்படி பெயர்கள் எழுதிக் கொடுத்தார்கள். படகு உள்ளவர், வலை உள்ளவர், ஊருக்கு வரி கட்டுகிற குடும்பம். நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன், வேலை சுளுவாக முடிந்ததே என்று. மூன்றாம் நாள் கேட்டில் சில பெண்கள் நின்றார்கள். ஒருத்தி விதவை. வீட்டில் ஆண் இல்லாததால் அவள் தலைக்கட்டுக் கணக்கில் இல்லை. மற்றவர்கள் பக்கத்துக் காலனியில் இருந்து வந்தவர்கள், மீன் கூடை சுமந்தும் ஐஸ் உடைத்தும் பிழைத்தவர்கள். "எங்க ஊட்டுல தண்ணி வரல சாமி. ஆனா அடுப்பு எரிஞ்சி பத்து நாளாவுது" என்றாள் ஒருத்தி. கிள்ளைப் பக்கம் போனால் இருளர்கள். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். படகே இல்லாதவனுக்குப் படகு இழப்பீடு எப்படி வரும்? பல பேரிடம் ரேஷன் கார்டு கிடையாது, சாதிச் சான்றிதழும் கிடையாது.

நான் போட்ட கையெழுத்து இவர்களை எல்லாம் வெளியே நிறுத்தியிருந்தது. அன்று ராத்திரி தூங்கவில்லை.

பட்டியலைத் திருத்தச் சொல்லிப் போய் நின்றேன். அதோடு என் நல்ல பெயர் போயிற்று. எங்கள் கமிட்டியிலேயே ஒருவர், "ஐயா, நாம உதவி செய்ய வந்தோமா, சண்டை போட வந்தோமா?" என்றார். பிரேசில் நாட்டில் ரெசிஃபே நகரத்தில் 1964 முதல் 1985 வரை பேராயராக இருந்த எல்டர் கமாரா இதைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்: ஏழைக்குச் சோறு போட்டால் என்னைப் புனிதர் என்கிறார்கள், அவனுக்கு ஏன் சோறில்லை என்று கேட்டால் கம்யூனிஸ்ட் என்கிறார்கள். பேராயர் மாளிகையை விட்டுவிட்டு ஒரு கோயிலின் பின்கட்டில் குடியிருந்த மனுஷர் அவர். நான் அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை. பட்டியலைத்தான் கேட்டேன்.

"விசுவாசத்தால்தானே இரட்சிப்பு, லுத்தரன் ஆள் நீங்கள் நற்கிரியையைப் பிடித்துத் தொங்கலாமா?" என்று படித்தவர்கள் மடக்குவார்கள். நியாயமான கேள்வி. எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரே, செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்று சொல்லும் பைபிளின் யாக்கோபு நிருபத்தை 1522-ல் வைக்கோல் நிருபம் என்று மட்டம் தட்டி எழுதியவர்தான். ஆனால் அதே வருஷம் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சும்மா இருக்கத் தெரியாதது, நன்மை செய்யாமல் அதனால் இருக்க முடியாது என்கிறார். எனக்கு இரண்டும் வேண்டும். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்பினால் பிரயோஜனமென்ன என்று யாக்கோபு கேட்கிற கேள்விக்கு எந்த இறையியலிலும் தப்பிக்க வழி கிடையாது. எங்கள் முன்னோடி, ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில் இறங்கினார், மறு வருஷமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். 1708 கடைசியில் ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பேசப் போய், டேனிஷ்காரர்களோடே தகராறாகி நாலு மாதம் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார். ஆகவே இது புது வியாதி இல்லை.

ஊரின் பட்டியலைக் கேள்வி கேட்கிற தகுதி சபைக்கு உண்டா என்றால், கூச்சமாகத்தான் இருக்கிறது. புதுச்சேரிக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்காரவைக்க ஒரு சுவரே இருந்தது. 1745-ல் அவர்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டு அதை இடிக்க வைத்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கத்தோலிக்கரைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. 1833-ல் ஆங்கிலிக்கன் சபையின் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கோயிலில் சாதியை உடனே ஒழிக்கச் சொன்னபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். அப்படிப் போனவர்களில் பலருக்குப் பின்னால் இடம் கொடுத்தவர்கள் லுத்தரன்கள்தான். இதைப் பிரசங்கத்தில் சொன்னபோது முன்வரிசையில் சிலருக்கு முகம் சுருங்கியது. காணிக்கையும் அந்த மாதம் குறைந்தது.

அரசாங்கப் பட்டியல் இன்னொன்று. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்களுக்கு மட்டும்தான் பட்டியல் சாதி உரிமை. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவன் இன்னும் வெளியேதான் நிற்கிறான். கோயிலுக்குள் தனி இடம், வெளியே சலுகை இல்லை. என் சபைப் பிள்ளை காலேஜ் சேர்க்கை சமயத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கும்போது ஜெபம் மட்டும் பண்ணி அனுப்ப எனக்குத் தெரியவில்லை.

ஆள் சேர்க்கத்தானே இதெல்லாம் என்பீர்கள். அந்தக் கஞ்சி குடித்தவர்களில் ஒருவர்கூட ஞானஸ்நானம் வாங்கவில்லை. உப்பு கம்மி என்ற பாட்டி அதற்கப்புறம் ஆடி மாதம் தவறாமல் அவர் ஊர் அம்மன் கோயில் கூழுக்கு ஆள் விட்டு அழைத்தார். முதல் வருஷமே போனேன். படைத்ததைப் போதகர் சாப்பிடலாமா என்று கமிட்டியில் எழுப்பினார்கள். கூழில் உப்பு சரியாக இருந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.