திருப்பூரின் மக்கள்தொகை பத்தே ஆண்டில் 75 சதவீதம் கூடியது எப்படி?

2001 கணக்கெடுப்பில் திருப்பூர் நகரத் தொகுப்பில் ஏறக்குறைய 5.5 லட்சம் பேர். 2011இல் 9.6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிறப்பு விகிதத்தால் மட்டும் இப்படி ஏறாது. பனியன் தொழிலில் பிழைப்புத் தேடி வந்தவர்களால் பெருகிய ஊர் இது.

ஒரு பனியன் முழுக்க ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூல் துணியாகப் பின்ன நிட்டிங்குக்குப் போகும், துணி சாயப்பட்டறைக்குப் போகும், பிறகு காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பல கட்டங்கள் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்துதரும் வேலையாக, வெளியே போவதால் நாலு மெஷின் போட்டவரும் முதலாளி ஆகலாம். அத்தனை பட்டறைக்கும் ஆள் வேண்டும். கம்பெனி வாசல்களில் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கைமடி தேவை' என்று அட்டை தொங்கும். ஓவர்லாக், பேட்லாக் என்பவை தையல் மெஷின் வகைகள்; கைமடி என்பவர் டெய்லருக்கு உதவும் ஆள். இப்போது அதே வரிகள் இந்தியிலும். முன்பு மதுரை, தேனி பக்கமிருந்து வந்தார்கள். இன்று பீகார், ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள்.

மாநகராட்சி ஆனது 2008இல், தனி மாவட்டம் 2009இல். ஆள் வந்த வேகத்துக்கு வீடும் குடிநீரும் வரவில்லை என்பதே என் வருத்தம்.

இந்த வளர்ச்சிக்கு நொய்யல் ஆறு கொடுத்த விலை பெரிது. சாயக்கழிவால் ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. சாயம் நின்றதும் தையல் மெஷின்களும் நின்றன, பலர் சொந்த ஊருக்கு பஸ் ஏறினார்கள். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை பரவலானது அதன் பிறகுதான்.