வியாபாரம் செய்ய வந்த ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டையே பிடித்தது எப்படி? நம் ராஜாக்களிடம் ஒற்றுமை இல்லாததுதான் காரணமா?

எனக்கு ஊர் கிருஷ்ணகிரி. அதனால் எங்கள் சையத் பாஷா மலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1791 நவம்பரில் மேக்ஸ்வெல் என்ற அதிகாரி கம்பெனிப் படையோடு வந்து இந்த மலைக்கோட்டையைத் தாக்கினார். அடிவாரத்துப் பேட்டை விழுந்தது, கீழ்க்கோட்டையும் விழுந்தது. மேல்கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் ஆட்கள் மேலிருந்து பாறைகளை உருட்டிவிட, வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். (பகல் வெளிச்சத்தில், யாரும் கல்லெறியாமலே, நான் பாதி வழியில் உட்கார்ந்துவிட்ட மலை அது.)

ஆனால் நாலே மாதத்தில் அதே கோட்டை கம்பெனிக்குக் கிடைத்தது, சண்டை போடாமல், காகிதத்தில். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, போரில் தோற்ற திப்பு பாதி ராஜ்ஜியத்தை விட்டுக்கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டமும், பிணையாக இரண்டு மகன்களும் வேறு. கிருஷ்ணகிரி, தர்மபுரியெல்லாம் சேர்ந்த எங்கள் பாராமகால் சீமை கம்பெனியின் பங்குக்குப் போனது. மற்ற பங்காளிகள் யார் தெரியுமா? ஐதராபாத் நிஜாமும் மராத்தியரும்.

இதை ஒற்றுமைக் குறைவு என்று சொல்வது எனக்கு அரைப் பதிலாகத்தான் படுகிறது. நிஜாமுக்குத் திப்பு 'நம்ம ஆள்' இல்லை, எல்லைத் தகராறு உள்ள பக்கத்து வீட்டுக்காரர். 1767-ல் இதே நிஜாம் கம்பெனியோடு கிளம்பி, நடுவழியில் திப்புவின் அப்பா ஹைதர் அலி பக்கம் தாவி, மறுவருஷமே கம்பெனியிடம் திரும்பினார். அவர் கணக்கில் கம்பெனியும் இன்னொரு படைக்காரன், அவ்வளவுதான்.

கணக்கு தப்பியது எங்கே என்றால், ராஜா செத்தால் வாரிசுச் சண்டை வரும், கம்பெனிக்கு அது கிடையாது. ஒரு கவர்னர் போனால் அடுத்தவர் கப்பலில் வந்து இறங்குவார். பக்கத்து ஆம்பூரில் 1749-ல் ஆற்காடு நவாப் அன்வருதீன் போரில் இறந்தார். அவர் மகன் முகமது அலியை ஆங்கிலேயர் தூக்கி நிறுத்தினார்கள், எதிராளி சந்தா சாகிப்பை பிரெஞ்சுக்காரர்கள். முகமது அலி ஜெயித்தார், அப்புறம் காலமெல்லாம் கடனாளி. 1801-ல் கர்நாடகமே (இன்றைய கர்நாடக மாநிலம் இல்லை, ஆற்காடு நவாபின் சீமைக்கு அப்போது இருந்த பெயர்) கம்பெனி வசமானது.

சரி, நிஜாமின் பங்கு என்ன ஆயிற்று? 1792-லும் 1799-லும் மைசூரிடமிருந்து கிடைத்த பெல்லாரி, கடப்பை பக்கத்து நிலங்களை, தன்னைக் காக்கும் கம்பெனிப் படையின் செலவுக்காக 1800-ல் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தார். அங்கே கலெக்டராகப் போனவர் தாமஸ் மன்றோ. அதற்கு முன் ஏழு வருஷம், கேப்டன் ரீடுக்கு உதவியாளராக பாராமகாலில், அதுவும் எங்கள் தர்மபுரியில் இருந்துகொண்டு, வரி போடும் வேலையைக் கற்றுக்கொண்டவர்.