பால் பாக்க ஒரே மாதிரிதான இருக்கு, அப்புறம் ஏன் அதை பலபடித்தான கலவைன்னு சொல்றாங்க?

கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிஞ்சா ஒருபடித்தானது, தனித்தனியா தெரிஞ்சா பலபடித்தானதுன்னு சொல்லிக் குடுத்துடுறாங்க பாருங்க, வினையே அங்கதான். மணலும் உப்பும், எண்ணெயும் தண்ணியும் வரைக்கும் அந்தக் கணக்கு ஓடும், பாலு ரத்தம்னு வந்தா படுத்துரும்.

எங்க ஊரு குலசேகரம் பக்கம், கேரளா பார்டர், எங்க திரும்புனாலும் ரப்பர் மரம்தான், அதனால ரப்பர் பாலை வெச்சே சொல்றேன். காலையில மரப்பட்டையை வெட்டுனதும் வடியுற பாலு சிரட்டையில (கொட்டாங்குச்சியில) நிக்கும்போது பாத்தா பசும்பால் மாதிரியே வெள்ளையா, ஒரு திப்பி இல்லாம இருக்கும். அரிச்சாலும் பட்டைத் தூசிதான் மாட்டும், பாலு அப்படியே கீழ இறங்கிரும். ஆனா அதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ரப்பர், அது தண்ணியில கரையவே இல்ல, குட்டிக் குட்டி உருண்டையா பரவிக் கெடக்கு, பெரும்பாலானது 1 மைக்ரோமீட்டருக்கும் சின்னது, அப்புறம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு உருண்டையைச் சுத்தியும் புரதமும் கொழுப்பும் சேந்த ஒரு படலம் இருக்கு, அதுல நெகட்டிவ் சார்ஜ், அதனால ஒன்னை ஒன்னு தள்ளிவிட்டுட்டு ஒட்டாம நிக்கும். டிஷ்ல ஊத்தி, தண்ணி சேத்து, பார்மிக் ஆசிட் கொஞ்சம் விட்டா அந்த சார்ஜ் போயிரும், பெறகு தள்ளுறதுக்கு என்ன இருக்கு, எல்லாம் ஒட்டிக்கிட்டு மறுநாள் காலையில கட்டியா நிக்கும், சுத்தி தெளிஞ்ச தண்ணி. அந்தக் கட்டியைத்தான் மெஷின்ல விட்டு ஷீட் அடிக்காங்க.

இதே ஆசிட்டை சர்க்கரைத் தண்ணியில விட்டா ஒன்னும் திரளாது. சர்க்கரை மூலக்கூறு மூலக்கூறா பிரிஞ்சு தண்ணிக்குள்ள போயிருச்சு, அது ஒருபடித்தானது. ரப்பர் பாலுல உருண்டைக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு எல்லை இருக்கு. அந்த எல்லை இருக்கான்னுதான் கேக்கணும், கண்ணுக்குத் தெரியுதான்னு இல்ல. பசும்பாலும் இதே கதைதான், அங்க ரப்பருக்குப் பதிலா கொழுப்பும் கேசின் புரதமும். 1 நானோமீட்டர்ல இருந்து 1000 நானோமீட்டர் வரைக்கும் உள்ள துகள் இப்படிப் பரவிக் கெடந்தா கூழ்மம்னு சொல்லுவாங்க, கூழ்மங்களை 1861ல தனி வகையா பிரிச்சவரு தாமஸ் கிரகாம்ங்கிற வேதியியலாளர்.

வீட்ல பாக்கணும்னா ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு சொட்டு பால் விட்டு, லைட்டை அணைச்சுட்டு லேசர் பாயிண்டர் அடிங்க (கண்ணுல படாம), பரவிக் கெடக்குற துகள்ல பட்டு வெளிச்சம் சிதறுறதால அது போற பாதை கோடா தெரியும், அதான் டிண்டால் விளைவு. தெளிவான உப்புத் தண்ணியில அந்தக் கோடு வராது.

ரத்தம் இன்னும் சுலபம், லேப்ல டியூபை வெச்சுச் சுத்துனா மேல மஞ்சளா பிளாஸ்மா, அடியில சிவப்பணு, தனியா வந்துரும்.

ஒன்னு மட்டும் கவனிச்சுக்கிடுங்க, ஐஸ் மிதக்கிற சுத்தமான தண்ணியிலயும் எல்லை இருக்கு, ஆனா அது கலவையே கிடையாது, ரெண்டும் ஒரே பொருள். ஒரு மார்க் கேள்வியில இதைப் போட்டு மாட்டிவிடுவாங்க.