மாட்ரிட்டில் இரண்டு நாட்கள் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மியூனிக்கில் பணிபுரிகிறேன். மே மாதத்தில் ஒரு வெள்ளி மாலை மாட்ரிட்டில் இறங்கி, ஞாயிறு இரவு திரும்புவதாக நானும் மனைவியும் திட்டமிட்டிருக்கிறோம். பிராடோ, ரெய்னா சோஃபியா ஆகிய ஓவியக் கூடங்கள், அரண்மனை, ரெட்டிரோ பூங்கா, சனிக்கிழமை தொலேதோ, ஞாயிறு செகோவியா என்று பட்டியல் பன்னிரண்டு இடங்களாக நீண்டுவிட்டது. எதை விடுவது? மனைவி சைவம், ஆனால் முட்டை சாப்பிடுவார்.

ர.

அன்புள்ள ர.,

தொலேதோவையும் செகோவியாவையும் விட்டுவிடுங்கள். இரண்டும் அருமையான ஊர்கள். விரைவு ரயிலில் ஏறினால் அரைமணி நேரம்தான். ஆனால் நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, திரும்பி வருவது என்று ஒவ்வொன்றும் ஒரு பகலை விழுங்கிவிடும். உங்களுக்கு இருப்பதே இரண்டு பகல்கள்.

மாட்ரிட்டுக்குப் போகிறவர்கள் முதலில் அதன் நேரத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும். அந்த நகரம் கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது; ஆனாலும் 1940இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதால், இன்றுவரை அது மியூனிக் நேரத்தையே காட்டுகிறது. மே மாதத்தில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும். மதிய உணவுக்கு இரண்டு மணியாகும். இரவு உணவுக்கு ஒன்பதரை, பத்து. ஏழு மணிக்கே பசியோடு கிளம்பினால், சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்திருக்கும் கடைகளே பெரும்பாலும் அகப்படும். ஆகவே வெள்ளி இரவு அவசரப்படாமல் அறையில் பையை வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் வெளியே வாருங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பிராடோ திறக்கும்போதே உள்ளே சென்றுவிடுங்கள். மாலை ஆறு முதல் எட்டு வரை இலவசம்தான், ஆனால் வரிசை நீளும்; முன்கூட்டியே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்வதே நல்லது. எல்லா அறைகளையும் பார்க்க நினைக்காதீர்கள். ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ முன் இருபது நிமிடமாவது நில்லுங்கள். தொலைவில் நின்றால் சிறிய இளவரசியின் உடை பட்டும் வெள்ளிச் சரிகையுமாகத் தெரியும். அடி அடியாக நெருங்கினால் அது சாம்பலும் வெள்ளையும் இளஞ்சிவப்புமான தளர்ந்த தூரிகைத் தீற்றல்களாகக் கலைந்துபோகும், பின்வாங்கினால் மறுபடியும் பட்டாகிவிடும். அதைக் கண்ணால் பார்ப்பதற்காகவே அந்த ஊருக்கு ஒருமுறை போகலாம் என்பேன். அதன்பின், ஓவியர் கோயா முதுமையில் தன் வீட்டுச் சுவர்களில் வரைந்து, பிற்பாடு துணிக்கு மாற்றப்பட்ட கறுப்பு ஓவியங்கள். அவற்றைப் பார்த்ததும் வெளியே வந்துவிடுங்கள். மனம் அதற்கு மேல் தாங்காது.

மதியம் ஓய்வெடுத்துவிட்டு மாலையில் ரெய்னா சோஃபியாவுக்குப் போங்கள். சனிக்கிழமை இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் குவெர்னிக்கா என்னும் சிற்றூர் குண்டுவீச்சில் அழிந்த அதே 1937இல், அதன் பெயரிலேயே பிக்காசோ பாரிஸில் வரைந்த ‘குவெர்னிக்கா’ ஓவியம் அங்குதான் இருக்கிறது. ஏழே முக்கால் மீட்டர் அகலத்தில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும் மட்டுமே. ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பும்வரை ஓவியம் அங்கே போகக்கூடாது என்று பிக்காசோ சொல்லியிருந்ததால், அது நியூயார்க்கிலேயே பல ஆண்டுகள் இருந்து 1981இல்தான் வந்து சேர்ந்தது.

ஞாயிறு காலை எல் ராஸ்த்ரோ சந்தை. சரிவான தெருவின் பெயரே ‘தோல் பதனிடுவோர் கரை’. பழைய சாவிகள், பித்தளைச் சாமான்கள், மஞ்சளேறிய புத்தகங்கள் என்று மேலிருந்து கீழ்வரை பரப்பியிருப்பார்கள். நெரிசலில் பணப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்குள் கலைந்துவிடும். பிறகு பக்கத்திலேயே லா லத்தீனா பகுதியில் சாப்பிட்டுவிட்டு, ரெட்டிரோவில் மரநிழலில் உட்காருங்கள். அரண்மனைக்கு வெளியிலிருந்து ஒரு பார்வை போதும்.

உணவைப் பற்றி ஒன்று: “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொன்னால், ஹாமோன் என்னும் பன்றித்தொடைத் துண்டுகளோ சூரைமீனோ தூவி வந்துவிடலாம், ஏனெனில் பலர் அவற்றை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டையும் பெயர் சொல்லி மறுக்கச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தடிமனாகச் சுடும் தோர்த்தியா எங்கும் கிடைக்கும். தக்காளி தேய்த்த ரொட்டியும், உப்புத் தூவிப் பொரித்த பதிரோன் பச்சைமிளகாயும் உங்கள் மனைவிக்கு நிச்சயம் பிடிக்கும்.