சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் வேலை: நேரலை கேமரா கேள்வி பதில்

மேடைக் கச்சேரி, விளையாட்டு, கருத்தரங்கு என்று பல ஆண்டுகளாக நேரலைக்குக் கேமரா பிடித்து வருகிறேன். எங்கும் நிரந்தர வேலை கிடையாது, அழைத்த இடத்துக்குப் போவேன். இந்த வேலைக்கு வர நினைப்பவர்களும் புதிதாக வந்தவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, நான் தனியாக வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுப்பவன். முதல் தடவையாக நான்கு கேமரா நேரலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன வித்தியாசம் இருக்கும்?

தனியாக எடுக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்கிறீர்கள். இங்கே அந்த முடிவு டைரக்டர் கையில். உங்கள் கேமராவுக்கு ஒரு எண் கொடுப்பார்கள், அன்று முழுக்க உங்கள் பெயர் அதுதான். ஹெட்செட்டில் "டூ, ஸ்டாண்ட்பை" என்று வந்தால் அடுத்தது உங்கள் படம். "டேக் டூ" என்றதும் கேமராவில் டேலி விளக்கு, அதாவது உங்கள் படம்தான் நேரலையில் போகிறது என்று காட்டும் விளக்கு, சிவப்பாக எரியும். அது எரிந்துகொண்டிருக்கும்போது, டைரக்டர் சொல்லாமல் ஃபிரேமை மாற்றாதீர்கள். பேசுகிறவர் எழுந்து நடந்தால் மட்டும் மெதுவாகக் கூடவே போங்கள், அதற்கு யாரும் உத்தரவு கொடுக்கமாட்டார்கள்.

விளக்கு அணைந்ததும் புதியவர்கள் பலர் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்கள். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அடுத்த ஷாட்டைத் தேடி, ஜூம் செய்து, ஃபோகஸ் பிடித்து, அசையாமல் வைத்துக் காத்திருக்க வேண்டும். டைரக்டர் மற்ற கேமராக்களுக்குச் சொல்வதையும் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒன்றாம் கேமரா மேடை முழுவதையும் காட்டிக்கொண்டிருந்தால் நீங்களும் அதையே காட்டிப் பயனில்லை. டிரம்ஸ் வாசிப்பவரின் கை, பாடகர் அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கும் அந்த ஒரு நொடி, கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் ஒரு முகம், இப்படி எதையாவது தயாராக நீட்டுங்கள். பத்து ஷாட் நீட்டினால் மூன்றைத்தான் எடுப்பார்கள். அதனால் சோர்ந்துவிடாதீர்கள். இத்தனை வருடத்தில் என்னைத் திரும்ப அழைத்தவர்கள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் அழைத்தார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஹெட்செட்டில் நீளமாகப் பதில் பேச வேண்டாம். விளக்கு எரியாதபோது கேமராவை மேலும் கீழும் ஆட்டினால் "சரி", பக்கவாட்டில் ஆட்டினால் "இல்லை". பெரும்பாலான டைரக்டர்களுக்கு இது புரியும்.

நெருக்கமாக ஜூம் செய்தால் துல்லியமாக இருக்கிறது. வைடுக்கு (முழுக் காட்சிக்கு) வந்தால் மங்கிவிடுகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

ஒளிபரப்பு லென்ஸ் என்றால் பெரும்பாலும் பேக் ஃபோகஸ் விலகியிருக்கும். லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் மிகச் சிறிதாக மாறினாலே போதும், வைடில் தெரிந்துவிடும். ஐரிஸை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து, சில மீட்டர் தள்ளி ஃபோகஸ் பார்ப்பதற்கான ஒரு சார்ட்டை வையுங்கள். வெளிச்சம் அதிகமானால் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். முழுக்க ஜூம் செய்து முன் வளையத்தில் ஃபோகஸ் பிடியுங்கள். பிறகு முழு வைடுக்கு வந்து பேக் ஃபோகஸ் வளையத்தால் சரிசெய்யுங்கள். இதையே இரண்டு மூன்று முறை செய்து திருகை இறுக்குங்கள்.

ஒரு விழாவில் நேரம் இல்லை என்று இதை விட்டுவிட்டேன். தொடக்கக் காட்சி முழுவதும் என் வைடு ஷாட் மங்கலாகப் போனது. அன்றிலிருந்து கேமராவை ஏற்றியதும் முதல் வேலை இதுதான். புகைப்பட லென்ஸ் பொருத்திய கேமரா என்றால் கதை வேறு. அவற்றில் பல, ஜூம் மாறினால் ஃபோகஸும் மாறும்படியே அமைந்தவை. ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பிடிக்க வேண்டும்.

விளக்குகள் படத்தில் துடிக்கின்றன. பின்னால் உள்ள எல்இடி திரையில் அலை அலையாகக் கோடுகள் வேறு.

துடிப்புக்கு ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120 வினாடி. ஆனால் நீங்களாக மாற்றாதீர்கள். எல்லாக் கேமராவும் ஒன்றுபோல இருக்க வேண்டும், இன்ஜினியரிடம் சொல்லுங்கள். திரைக் கோடுகளுக்கு, திரை சற்று ஃபோகஸுக்கு வெளியே போகும்படி ஷாட் வையுங்கள், அல்லது கோணத்தையோ ஜூமையோ கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

சம்பளம் பேசும்போது என்னென்ன கேட்க வேண்டும்? கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

கேளுங்கள். ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்கு வர வேண்டும், நேரம் தாண்டினால் எவ்வளவு, பயணத்துக்கும் தங்குவதற்கும் யார் செலவு, கடைசி நேரத்தில் ரத்தானால் என்ன, பணம் எத்தனை நாளில் வரும். கேமரா உங்களுடையது என்றால் அதன் வாடகை தனி, உங்கள் கூலியோடு சேர்த்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள், ஒரு குறுஞ்செய்தி போதும். ஒருமுறை வாய்ப்பேச்சை நம்பிப் போனேன். நிகழ்ச்சி ஐந்து மணி நேரம் தாமதமாக முடிந்தது, கூடுதலாக எதுவும் வரவில்லை. கேட்டபோது "அப்படிப் பேசவே இல்லையே" என்றார்கள். உண்மைதான், நான் பேசவில்லை. ஒழுங்காக வேலை தருபவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

பேட்டரிகளை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது?

உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு உதிரி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் கணக்கு வரும்: 14.4 × 6.8 என்றால் ஏறக்குறைய 98. முனைகளுக்கு டேப் ஒட்டிவிடுங்கள்.

அண்ணா, நான் உயரம் குறைந்த, ஒல்லியான பெண். மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பெரிய கேமராவோடு நிற்க முடியுமா?

தாராளமாக முடியும். ட்ரைபாட் ஹெட்டில் கேமராவின் எடையை ஈடுகட்டும் கவுண்டர்பேலன்ஸைச் சரியாக வைத்தால், கைப்பிடியை விட்டாலும் கேமரா அப்படியே நிற்கும். அப்புறம் பலத்துக்கு வேலையே இல்லை. வ்யூஃபைண்டர் கண் மட்டத்துக்கு வர வேண்டும், அதற்கு ஒரு பலகை மேடை கேளுங்கள். தயங்காதீர்கள், கேட்டால் தருவார்கள். தோளில் வைத்து எடுப்பது என்றால் மட்டும் இடையில் ஆள் மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள்.

முதுகைவிடக் காதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது ஒரு பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் மிஞ்சும். ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்கிற நாளில் இரண்டு காதையும் மூடும் ஹெட்செட் கேட்டு வாங்குங்கள். ஒரு காது ஹெட்செட்தான் இருக்கிறது என்றால் மறு காதில் அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். போன செவித்திறன் திரும்பி வராது.

கருப்பு உடை கட்டாயமா?

ஆமாம். ஓசை வராத ஷூவும்.

ஆளே தெரியாத எனக்கு முதல் வேலை எப்படிக் கிடைக்கும்?

கேபிள் உதவியாளராகப் போங்கள். கேமராவின் படத்தைக் கொண்டுபோகும் எஸ்டிஐ கேபிளை முழங்கையில் சுற்றாமல், ஒரு வளையம் மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றிச் சுற்றப் பழகுங்கள். முறுக்கு விழாது, அடுத்த நாள் வீசினால் நேராக விரியும். கேபிளை நன்றாகச் சுற்றுகிறவரை மூத்த ஆபரேட்டர்கள் கவனிப்பார்கள். ஒத்திகையில் யாராவது ஒருவர் சற்று நேரம் கேமராவைப் பிடிக்கச் சொல்வார். எனக்கு அப்படித்தான் கிடைத்தது, நானும் இப்போது அப்படித்தான் கொடுக்கிறேன்.